மரிய செல்வியை அனுப்ப முடியாது

சேசு மரி சூசை

ஆவூர்,
1958 மார்ச், சூசையப்பர் மாதம்.

மகா ராஜ ராஜ ஸ்ரீ கறம்பக்குடி சம்பந்தி சூசைமாணிக்கம் அவர்கள் சமூகத்துக்கு, விராலிமலை பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர் அடைக்கலராஜ் அநேக தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது.

இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடத்துச் சுகத்துக்குப் பதில் எழுதவும் என்று தொடங்குவதுதான் முறை. முறை எனக்கும் தெரியும். ஆனால் இவ்விடம் யாவரும் சுகம் இல்லை. என் மகளும் உங்கள் மருமகளுமான மரிய செல்விக்குச் சுகமில்லை. சுகம் என்று ஒரு பேச்சுக்கு எழுதிவைத்தால், சுகமாயிருக்கிறவளை ஏன் அனுப்பவில்லை என்று அந்த வரியையே எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டுவீர்கள். ஆகையால் சுகத்தை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். அனுப்ப முடியாது.

உங்கள் கடிதம் கிடைத்தது. பிள்ளை பெற்ற பச்சை உடம்பில் காத்துக் கருப்பு ஏறிக்கொண்டது, ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மாள் அருளம்மாளும் மாப்பிள்ளை ஞானராஜும் வந்து செல்வியைத் தெற்கே உள்ள கோயிலுக்குக் கூட்டிப்போய், அது இறங்குகிற வரைக்கும் அங்கேயே விட்டுவைப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோயில் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே பீடத்தில் இருக்கும் அர்ச்சியசிஷ்டரோடு எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. அங்கே ஆளைக் கட்டிவைக்கத் தூணில் கிடக்கும் சங்கிலியோடுதான் சண்டை. அனுப்பாவிட்டால் அவள் பிறந்த வீட்டிலேயே இருந்துகொள்ளட்டும் என்று கடைசி வரியில் வேறு போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எங்கள் வீட்டு நாய்கூட உறுமியது. இது தபசு காலம், கோபத்தை அடக்க வேண்டிய காலம் என்பதால் அடக்கி எழுதுகிறேன். பாஸ்குத் திருநாள் முடிந்து எழுதியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

நடந்ததை நீங்கள் ஊரார் வாயால் கேட்டிருக்கிறீர்கள், இப்போது என் வாயால் கேளுங்கள். தலைப் பிரசவத்துக்கு வந்தவள், ஆண்பிள்ளை பெற்றாள், ஞானஸ்நானம் ஆயிற்று, நீங்களும் வந்து வெல்லம் வழங்கிவிட்டுப் போனீர்கள். அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தாள். காரணம் கேட்டால் தெரியவில்லை என்கிறாள். தூக்கம் இல்லை, தட்டில் போட்டது போட்டபடி இருக்கிறது. பிள்ளையைப் பார்த்தால், பஸ்ஸில் யாரோ மறந்து விட்டுப்போன மூட்டையைக் கண்டக்டர் பார்க்கிற மாதிரி பார்க்கிறாள். நானும் உங்களைப் போலத்தான் முதலில் நினைத்தேன், அதை மறைக்க மாட்டேன். பங்குச் சாமியாரிடம் ஓடிப்போய், பெரிய ஜெபமாக ஒன்று சொல்லுங்கள், தீர்த்தத்தை வஞ்சகமில்லாமல் தெளியுங்கள் என்று கேட்டேன். அவர் என்ன கேட்டார் தெரியுமா?

“புள்ள தூங்குதா?”

“பேரன் நல்லாத் தூங்குறானுங்க சாமி.”

“பேரன் இல்லய்யா, ஒங்க மக. அவளுக்கு யாரு தாலாட்டுறா?”

எனக்கு வந்ததே கோபம்! நான் மந்திரிக்கக் கேட்டால் இவர் விசாரணை நடத்துகிறார். இந்தச் சாமியாருக்கு வயசு போதாது, மாத்தச் சொல்லி ஆயருக்குப் பெட்டிஷன் போட வேண்டும் என்று அன்றைக்கு விராலிமலை வரைக்கும் பஸ்ஸில் புலம்பிக்கொண்டே போனேன். டிரைவர் ஷேக் பரீது, “அண்ணே, அவரு கேட்டது சரியாத்தானே இருக்கு” என்றார். அன்றிலிருந்து அவர் வண்டி லேட்டாக வந்தால் நான் லேட் என்றே எழுதுகிறேன்.

பிறகு சனிக்கிழமை வந்தது. தபசு காலத்துச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தன வரிசை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கோயில் வாசலைத் தாண்டி நின்றது. வழக்கமாக ஒருத்தர் முழங்காலிட்டு எழுந்திருக்க எத்தனை நேரமாகும் என்பது வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் மனக்கணக்கு. செல்வி உள்ளே போனாள். வரவில்லை. இருமல் கேட்டது, அழுகை கேட்டது, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை, ஆளும் வரவில்லை. பின்னால் நின்ற எங்கள் எதிர்வீட்டுக்காரி சின்னப்பிள்ளை, “இம்புட்டு நேரம் சொல்றதுக்கு அப்புடி என்னதான் பண்ணிப்புட்டா?” என்று வாயைத் திறந்தாள். வரிசையே தலையை ஆட்டியது. நான் கோயில் என்றும் பார்க்கவில்லை, பீடம் என்றும் பார்க்கவில்லை. “ஒன் பாவத்த நீ வாரா வாரம் வந்து எறக்கி வைக்கிற, எம்மக ஒரு தடவ நின்னு எறக்குனா ஒனக்கு என்ன பஸ்ஸா போயிருச்சு?” என்று கத்திவிட்டேன். மெழுகுவர்த்தி அணைந்ததற்கு நான் காரணம் என்று சொல்கிறார்கள். அது காற்று.

உள்ளே நடந்ததைச் சாமியார் ஒருநாளும் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. செல்விதான் தன் ஆத்தாளிடம் சொன்னாள். தான் பெரிய பாவி, பெற்ற பிள்ளைமேல் பாசம் வரவில்லை, இதற்கு மன்னிப்பு உண்டா என்று கேட்டாளாம். அதற்கு அவர், “அழுகிறது பாவம் இல்லம்மா. பாசம் வர லேட்டாகுறதும் பாவம் இல்ல. பாவமே இல்லாததுக்கு நான் எங்கிட்டுப் போயி மன்னிப்புக் கொடுக்க? வியாழக்கிழம பங்களாவுக்கு வா, ஒக்காந்து பேசலாம்” என்றாராம். என் மனைவி அந்தோணிமேரி இதைச் சொன்னபோது, பெட்டிஷன் எழுத வாங்கி வைத்திருந்த தாளை நான் மடித்து வைத்துவிட்டேன்.

அதிலிருந்து வியாழக்கிழமைதோறும் சாமியார் பங்களா வராந்தாவில், ஊர் பார்க்க, செல்வியும் அவள் ஆத்தாளும் உட்காருகிறார்கள், சாமியார் எதிரே உட்காருகிறார். நான் வேப்பமரத்தடியில் பேரனோடு நிற்கிறேன். இதற்கு ஒரு டைம்டேபிள் கிடையாது. எப்போது புறப்படும், எங்கே போய்ச் சேரும், ஒன்றும் தெரியாது. எனக்கு இது பெரிய அவஸ்தை. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

“அப்புடி என்னதாங்க சாமி பேசுறீங்க?”

“நான் எங்கய்யா பேசுறேன்? அவ பேசுறா. நான் கேக்குறேன்.”

“கேட்டா சரியாயிருமுங்களா?”

“வர்ற வண்டி வரட்டும்னு நாமளும் அவகூட நிக்கிறோம். தனியா நிக்க விட்டாத்தான் பயம்.”

பஸ் ஸ்டாண்டில் ஆயுசைக் கழித்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம், பேரனோடு வேப்பமரத்தடிக்கே திரும்பிப் போனேன். பேச்சு முடிந்ததும் ஜெபம் சொல்கிறார். செல்விக்கு வாய் வராத நாளில் அவர் மட்டும் சொல்கிறார், அவள் ஆமென் மட்டும் சொல்லுகிறாள், அது போதும் என்கிறார். மருந்தையும் அவர் விலக்கவில்லை. தர்ம ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரியிடம் அவரே அனுப்பினார். அந்தம்மா நாடி பார்த்து, ரத்தம் குறைவு என்று டானிக் கொடுத்து, பிள்ளை பெற்ற பல பேருக்கு இந்த மாதிரி மனசு இருட்டிக்கொண்டு வரும், பார்த்துக்கொண்டால் விடியும் என்று சொன்னார். இதில் காத்தும் இல்லை, கருப்பும் இல்லை என்று இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொல்லுகிறார்கள்.

இனி இந்தப் பங்கில் நடக்கும் கூத்தைக் கேளுங்கள். கோயிலில் கத்தியதற்காக நானும் போய் முழங்காலிட்டேன். வழக்கம்போல் அபராதமாக அருள் நிறைந்த மந்திரம் கொஞ்சம் சொல்லச் சொல்லுவார், வீட்டுக்குப் போகிற வழியிலேயே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அவரோ, பாஸ்கு வரைக்கும் தினமும் விடிய எழுந்து தண்ணீர் இறைக்க வேண்டும், பேரனுக்குத் தொட்டில் ஆட்ட வேண்டும், பெண்ணைத் தூங்க விட வேண்டும் என்று விதித்துவிட்டார். நான் குடத்தோடு கிணற்றடிக்குப் போன முதல் நாள் பெண்பிள்ளைகள் எல்லாம் வழிவிட்டு நின்று பார்த்தார்கள், தேர் வருகிற மாதிரி. மறுநாள் சின்னப்பிள்ளை முருங்கைக்கீரைச் சாற்றோடு எங்கள் வாசலில் நின்றாள். “எனக்கும் அபராதமுங்க. ஒங்க மக குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல ஒக்காந்திருக்கணும், ஒரு வார்த்த பேசப்படாதுன்னுட்டாரு” என்றாள். சின்னப்பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் கண்டேன். அதற்குப் பிறகுதான் எனக்கு இந்தச் சாமியார்மேல் முழு விசுவாசம் வந்தது. இப்போது யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்பதை வைத்து யார் என்ன பாவம் செய்திருப்பார்கள் என்று ஊரே கணிக்கிறது. ரசம் வந்தால் சின்னப் பாவம். பத்தியக் குழம்பு என்றால் கொஞ்சம் கனமானது. போன வாரம் ஒரு பெரிய மனுஷர் விறகே வெட்டிப் போட்டுவிட்டுப் போனார், அவர் பெயரை நான் எழுத மாட்டேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் பயந்து இங்கே பாவமே குறைந்துபோயிற்று, ஆனாலும் எங்கள் வீட்டில் குழம்பு மிஞ்சுகிறது.

இப்படி வருகிறவர்கள் வர, உட்காருகிறவர்கள் உட்கார, என் மகள் போன வாரம் தானாக எழுந்து தலை வாரிக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கி, அவன் காதைத் தொட்டுப் பார்த்து, “இது அவரு காது மாதிரியே இருக்கு” என்று மாப்பிள்ளையைச் சொன்னாள். அவ்வளவுதான். அன்றைக்கு மறுபடியும் அழுதாள். ஆனால் சொன்னாள், நான் கேட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் கடிதம் வந்தது. நான் வெளியூர் போயிருந்தேன், அவள்தான் பிரித்துப் படித்தாள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள், “என்னைய அங்க சங்கிலி போட்டுக் கட்டுவாகளாப்பா?”

சம்பந்தி, இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதுங்கள். என்னால் முடியவில்லை. இதைக் கேட்கிற நிலையில் ஒரு மகளை எதிரே வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் உங்களுக்கு மகள் இல்லை. மரிய செல்வியை உங்கள் வீட்டுக்கு அனுப்பியபோது நான் உங்களை நம்பித்தான் அனுப்பினேன்.

அழுதால் பேய் என்கிறீர்களே, லாசருடைய கல்லறைக்கு முன்னால் நம் சேசுநாதர் அழுதாரே, அவரையும் தலையை விரித்துப்போட்டு உங்கள் கோயிலுக்குக் கூட்டிப்போவீர்களா? சிலுவையடியில் நின்ற தேவமாதா அழுதாள், அவளுக்கும் ஒரு சங்கிலி எடுத்துவைத்திருக்கிறீர்களா? பெரிய வெள்ளிக்கிழமை பாடுகளின் பிரசங்கத்தில் நீங்களே தோள்துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுததை, பக்கத்தில் நின்ற நான் பார்த்திருக்கிறேன். உங்களை யாரும் தூணில் கட்டவில்லை. பத்திரமாக பஸ் ஏற்றித்தான் அனுப்பிவைத்தேன்.

ஆகையால் முடிவாகச் சொல்லுகிறேன். செல்வி இங்கே இருப்பாள். வியாழக்கிழமை வராந்தாவில் உட்காருவாள், பேசுவாள், பேசாமல் இருக்க வேண்டுமென்றால் அப்படியும் இருப்பாள். அவள் தெளிந்து, தானாக வாரேன் என்று சொல்லுகிற அன்றைக்குத்தான் வருவாள். மாப்பிள்ளை ஒரு வாத்தியார், படித்தவர். பெற்றவள் சொன்னாள் என்று தலையை ஆட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை வந்து நின்றால் வாசற்படி ஏற விட மாட்டேன். எங்கள் நாயை அவிழ்த்துவிடுவேன். அது சாதாரண நாய் இல்லை. கறுப்பு நாய், காது விடைத்தது, வெள்ளை வேட்டியைக் கண்டால் அதற்கு ஆகாது, கறம்பக்குடிக்காரர் வாடை என்றால் கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு வரும். சம்பந்தியம்மாள் என்றும் பார்க்காது. பிறகு என்மேல் வருத்தப்பட்டுப் பிரயோஜனமில்லை.

சேசுவின் திரு இருதயமும் பெரியநாயகி மாதாவும் உங்களையும் உங்கள் குடும்பத்தையும் சகல தீங்கினின்றும், முக்கியமாக நாய்க்கடியினின்றும் காப்பார்களாக. சம்பந்தியம்மாளுக்கு என் மனைவியின் தோத்திரம். மாப்பிள்ளைக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
வணங்காத சம்பந்தி,
அடைக்கலராஜ், டைம்கீப்பர்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் செல்வி கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தாள். தன்னைப் பற்றியது என்பதால் நானும் கொடுத்தேன். தேவமாதா வருகிற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசிப் பக்கம் போனதும் நிமிர்ந்து, “நாய் ஏதுப்பா நம்ம வீட்டுல?” என்றாள். அந்தோணிமேரி அடுப்படியிலிருந்து, “எந்த நாயி? யாரு வீட்டு நாயி?” என்று கரண்டியோடு ஓடிவந்தாள். “எழுதுற வேகத்துல ஒரு நாயி வந்துருச்சு” என்றேன். செல்வி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொட்டில் பிள்ளை விழித்துக்கொள்ளும்படி சிரித்தாள். பிரசவத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்கவே இல்லை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன். எனக்கும் பேய் பிடிக்கவில்லை.

இதைக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கே அழலாம், சாமியார் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவள் சொன்னபடி எழுதுகிறேன்: “அவர வரச் சொல்லுங்கப்பா. அத்தையும் வரட்டும். கூட்டிட்டுப் போக வேணாம், கூட இருக்க வரட்டும்.” ஆகையால் மேலே கண்ட சகலத்தையும் ரத்து செய்து கொள்ளவும். வெள்ளிக்கிழமை காலை ஷேக் பரீது வண்டியில் வந்தால் நானே வந்து இறக்கிக்கொள்ளுகிறேன். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய ஆசையிருந்தால் செய்யலாம், வீட்டில் இன்னொரு குடம் இருக்கிறது. மாப்பிள்ளை வருகிற வழியில் நல்ல கறுப்பு நாய்க்குட்டி ஒன்று கிடைத்தால் கையோடு எடுத்து வரவும். நான் எழுதியது பொய்யாகப் போய்விடக் கூடாது.