கயித்துக் காக்காவுக்குப் பசித்த நாட்கள்

ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாமல், ஆங்கிலப் படத்தை அதை எடுத்தவனைவிட நன்றாக விளங்கிக்கொண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் சாய்ந்தமருதில் நாங்கள் இருந்த குறுகிய ஒழுங்கைக்குப் பேக்கரியிலிருந்து சைக்கிளில் பாண் கொண்டுவந்தவர். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. பக்கத்து வீடுகளில் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வார்கள். பாண்காரர் என்றால் அவர்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைத் தியேட்டருக்கு ஒரு வெள்ளைக்கார வீரனின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாப் படத்திலும் அவன்தான். தோளில் எந்நேரமும் ஒரு கயிற்றுச் சுருள் கிடக்கும். ஒரு படத்தில் புதையலைத் தேடுவான், இன்னொன்றில் மண்ணுக்குள் போன நகரத்தைத் தேடுவான். எதைத் தேடினாலும் கடைசியில் ஒரு பள்ளத்துக்கு மேலே கயிற்றில் தொங்குவான். பாண்காரர் அவனுக்கு வைத்த பெயர் கயித்துக் காக்கா. காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்.

பெண்கள் தியேட்டருக்குப் போகிற வழக்கம் அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் இல்லை. அந்தக் குறையைப் பாண்காரர் தீர்த்துவைத்தார். படம் வந்த முதல் நாளே பார்த்துவிடுவார். அடுத்த நாள் காலையிலிருந்து எங்கள் ஒழுங்கையின் வாசல் கடப்படிகளில் எல்லாம் படம் ஓடும். பாண் பெட்டியின் மூடியை அடித்தால் குண்டு வெடிக்கும். சைக்கிள் மணியை அடித்தால் பாம்பு வரும். பாம்புக்கு எதற்கு மணி என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. மணிச் சத்தம் கேட்டாலே எங்களுக்கு உடம்பு சிலிர்த்துவிடும்.

படத்தில் வெள்ளைக்காரி வந்தால் பாண்காரருக்குச் சங்கடம். ஒழுக்கமான பெண்களுக்கு முன்னால் அந்நிய ஆணையும் பெண்ணையும் காட்டில் தனியாக அலையவிட அவருக்கு மனம் வராது. அதனால் படம் தொடங்கியதும் அவளைக் கயித்துக் காக்காவின் மாமி மகளாக்கி, நிக்காஹையும் முடித்துவிட்டுத்தான் காட்டுக்கு அனுப்புவார்.

அடுத்த படத்தில் வேறு ஒரு வெள்ளைக்காரி வந்தபோது மூலைவீட்டு மாமி பிடித்துக்கொண்டார். அவர் எங்கள் ஒழுங்கையில் வயதில் மூத்தவர், வாயிலும் மூத்தவர்.

"போன படத்துல வேற புள்ளயெல்லா இருந்த? அவள் எங்க?"

"அவள் மௌத்தாயிட்டாள் மாமி. இது அவள்ட தங்கச்சி."

"என்ன வருத்தம்?"

"வயித்துக் குத்து."

மாமி "இன்னாலில்லாஹி" சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு றாத்தல் பாணை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பாண்காரரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கயித்துக் காக்கா பள்ளத்துக்கு மேலே தொங்கும்போது, கீழே முதலை வாயைத் திறக்கும்போது, "மிச்சம் நாளைக்கு" என்று சைக்கிளில் ஏறிவிடுவார். ஒரு முறை வியாழக்கிழமை அப்படித் தொங்கவிட்டுப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. ஒழுங்கை முழுவதும் பரிதவித்தது. மூலைவீட்டு மாமி ஒரு படி மேலே போய், கயித்துக் காக்கா உயிரோடு தப்பினால் பள்ளிவாசலுக்கு ஒரு சட்டி பாற்சோறு தருவதாக நேர்ந்துவிட்டார். சனிக்கிழமை காலையில் கயித்துக் காக்கா தப்பிவிட்டான். மாமியும் சொன்ன வாக்கை மீறாமல் பாற்சோறு ஆக்கிக் கொண்டுபோனார்.

ஓத வந்த லெப்பை கேட்டார்: "ஆருட நேர்ச்ச இது?"

"வெளியூர்ப் புள்ள ஒண்டு. முதலைக்கிட்ட மாட்டிக்கிட்டு. அல்லாஹ் காப்பாத்திட்டான்."

லெப்பையும் மனமுருகி ஓதினார். பாற்சோறு ருசியாக இருந்தது.

இன்னொரு நாள் என் உம்மா மாமியைக் கேட்டார்: "அவன் எப்பிடியும் தப்புவான் எண்டு ஒங்களுக்குத் தெரியுமெல்லா? பொறகு என்னத்துக்குப் பயப்புடுறீங்க?"

மாமி சொன்னார்: "தப்புவான் எண்டு தெரிஞ்சபடியாத்தாங்கா ஆசயாப் பயப்புட ஏலுது. தெரியாத பயம் நமக்கு ஊட்டுக்குள்ளேயே காணும்தானே."

அந்தப் படங்களை ஏன் சனங்கள் இன்றைக்கும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். மாமி சொன்னதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

தெரியாத பயம் அதற்கு அடுத்த வருடம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. எனக்குக் கலியாணம் முடிந்து பதினொரு மாதம். என் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் அவர் மௌத்தானார். எனக்கு அப்போது வயது பத்தொன்பது.

இத்தாவில் இருந்தேன். நான்கு மாதமும் பத்து நாளும், வெள்ளை உடுத்து, உள் அறையில். அந்நிய ஆண் முகம் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது. அதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. சாப்பாடுதான் இறங்கவில்லை. சோற்றை வாயில் வைத்தால் மண் மாதிரி இருக்கும். உம்மா ஊட்டிப் பார்த்தார், அழுது பார்த்தார், ஏசியும் பார்த்தார். இரண்டு கிழமையில் சட்டைக் கை தொளதொளவென்று தொங்கியது. "இந்தப் புள்ளயும் போயிரும்" என்று உம்மா அடுப்படியில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அதைக் கேட்டும் ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு காலையில் கடப்படியில் உம்மாவின் குரல் கேட்டது.

"இனி ஒரு றாத்தல் காணும் தம்பி. ரெண்டு வேணாம். அவ திங்கிறல்ல."

பாண்காரர் அன்றைக்குக் கதை சொல்லவில்லை. மணிகூட அடிக்காமல் போய்விட்டார்.

அடுத்த நாள் என் அறையின் வேலிப் பக்கமாகச் சைக்கிள் நிறுத்துகிற சத்தம் கேட்டது. அந்த இடத்தில்தான் வாப்பா கதிரை போட்டு வெயில் காய்வார். வாப்பாவுக்கு இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காது. இடி விழுந்தால் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

"மாமா!" என்று பாண்காரர் ஊருக்கே கேட்கக் கத்தினார். "புதுப் படம் ஒண்டு வந்திரிக்கி! ஒங்களுக்குச் செல்லத்தான் வந்த!"

வாப்பா அவருடைய வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு, "இந்த முற வாய்க்கால்ல தண்ணி இல்ல" என்றார்.

"ஓம் மாமா! கயித்துக் காக்கா குகைக்குள்ள மாட்டிக்கிட்டான்!"

"கடைசி வயலுக்குத் தண்ணி ஏறவே இல்ல."

"வெளிய வர ஏலா! கல்லு விழுந்து வாசல் மூடிட்டு!"

இப்படியே அரை மணித்தியாலம் போனது. ஒருவர் குகையில் இருந்தார், மற்றவர் வயலில் இருந்தார். மூலைவீட்டு மாமி ஓடிவந்து வழக்குக்கு நின்றார்.

"இத்தாவில இரிக்கிற புள்ளைக்கு அந்நிய ஆம்புளைட குரல் கேக்கலாமா தம்பி?"

"நான் மாமாவோடயெல்லா கதைக்கிறன்?"

"அவருக்குக் காது கேக்காதே!"

"அதுக்குத்தானே மாமி சத்தமாக் கதைக்கிறன்."

வேலிக்கு அந்தப் பக்கம் மாமியும் ஒரு மணையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ குகைக்கு மேலே ஒரு ஓட்டை தெரிந்தது. கயித்துக் காக்கா கயிற்றை எறிந்து மாட்டிவிட்டான். ஏற வேண்டியதுதான் பாக்கி. பாண்காரரின் குரல் திடீரென்று இறங்கியது.

"ஆனா ஏற ஏலா மாமா. கையில பெலன் இல்ல. எத்தின நாளாப் பட்டினி. அரவாசி தூரம் ஏறித் தொங்குறான். கை வழுக்குது. ஒரு துண்டு பாண் திண்டாத்தான் புடிப்பான்."

பாண்காரர் கதையை அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். என் பாய்க்குப் பக்கத்தில் ஒரு தட்டில் உம்மா வைத்த பாண் துண்டு இருந்தது. எடுத்தேன். கடித்தேன். விழுங்குவதற்கு நீண்ட நேரம் பிடித்தது. கதவடியில் நின்ற உம்மா வெளியே போய் என்ன சைகை காட்டினாரோ, பாண்காரர் பெட்டி மூடியில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

"புடிச்சிட்டான் மாமா! புடிச்சிட்டான்!"

"அப்ப மழ வரும்போல" என்றார் வாப்பா.

அதற்குப் பிறகு கயித்துக் காக்காவுக்கு அடிக்கடி பசித்தது. மலையில் பசித்தது, ஆற்றில் பசித்தது, எதிரிகள் சுட்டுக்கொண்டிருக்கும்போதும் பசித்தது. ஒழுங்கைப் பெண்கள் முறைப்பாடு வைக்கத் தொடங்கினார்கள்.

"இதென்ன படம் தம்பி? சண்டையக் காணல்ல. எந்நேரமும் பாண் திங்கிறான்" என்றார் மாமி. "ஆத்துக்க விழுந்தானே, பாண் நனையல்லியா?"

"நனஞ்சதுதான். கல்லுல வெச்சிக் காயவெச்சித் திங்கிறான்."

"அப்ப அது றஸ்குடா!"

மெதுமெதுவாக அவனுடைய சாப்பாடு கூடியது. பாணோடு பருப்பு வந்தது. பிறகு சம்பல், பிறகு மீன் ஆணமும் சோறும். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், காட்டில் அவன் மீன் ஆணம் தின்ற நாளில் எங்கள் வீட்டிலும் மீன் ஆணம்தான் இருக்கும். அவன் முருங்கை இலைச் சுண்டல் தின்ற நாளில் எங்கள் வீட்டிலும் அதுதான். விடிய கடப்படியில் உம்மாவும் பாண்காரரும் கொஞ்ச நேரம் குசுகுசுப்பது எனக்குக் கேட்கும். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி அந்த வயதில் எனக்கு இல்லை. வெள்ளைக்காரர்களும் முருங்கை இலை தின்பார்கள் என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

பிறகு எனக்கு வேறு இடத்தில் நிக்காஹ் நடந்து, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கண்டுவிட்டேன். போன நோன்புப் பெருநாளைக்கு என் பேரன் அந்தப் படங்களை எங்கிருந்தோ எடுத்து டீவியில் போட்டான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் பார்த்தேன்.

"என்ன உம்மம்மா தேடுறீங்க?" என்று கேட்டான்.

"இவன் எப்ப மனே சாப்பிடுவான்?"

"இவனா? இவன் எங்க சாப்பிடுற!" என்று சிரித்தான்.

குகையில் அடைபட்ட கதை எந்தப் படத்திலும் இல்லை. அந்த நான்கு மாதமும் கல்முனையில் கயித்துக் காக்காவின் புதுப் படம் ஒன்றும் ஓடவில்லை என்பதையும் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

இத்தா முடிந்த அடுத்த நாள் காலையில் நானாகக் கடப்படிக்குப் போனேன். முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டிருந்தேன். எனக்கு இயல்பிலேயே கூச்சம் அதிகம். நான்கு மாதமாகச் சொல்ல எத்தனையோ சேர்ந்திருந்தன. அவர் சைக்கிளை நிறுத்தினார்.

"ரெண்டு றாத்தல்" என்றேன்.

அவர் பெட்டியைத் திறந்தார். ஒரு மூலையில் இரண்டு றாத்தலும் துணியில் சுற்றித் தனியாக இருந்தன. அந்த நான்கு மாதமும் உம்மா வாங்கியது ஒன்று. அவர் ஒவ்வொரு நாளும் கொண்டுவந்தது இரண்டு.

துணியோடு எடுத்து என் கையில் வைத்தார். பெட்டியை மூடினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பிறகு குனிந்து சைக்கிள் செயினைப் பார்த்தார். செயினில் ஒரு பழுதும் இல்லை. ஊரையே கதையால் தொங்கவிட்ட மனிதர், கதைக்க ஒரு சொல் கிடைக்காமல் அப்படியே குனிந்தபடி நின்றார். நானும் உள்ளே போகாமல் நின்றேன்.