மாமன் மடிக்காக நின்ற ஊசி

கொரியாவில் மெஷின் படிக்கப் போயிருக்கும் அருமை மாப்பிள்ளை எழிலரசன் அவர்களுக்கு, சேரப்பணஞ்சேரியிலிருந்து மச்சான் கோபால் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் தங்கை ரஞ்சனியும் பாப்பாவும் சுகம். உங்கள் சுகத்தையும், என்மேல் உள்ள கோபம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையும் அறிய ஆவல். நான் போன் செய்தால் எடுப்பதில்லை. அதனால் தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்பும்படி ரஞ்சனியிடம் சொல்லியிருக்கிறேன்.

பாப்பாவின் பத்தாம் வாரத் தடுப்பூசியை மூன்று வாரம் நான் நிறுத்தி வைத்தது உண்மைதான். ஆனால் காரணம் கேளுங்கள். காது குத்துவது தாய்மாமன் மடியில் என்றால், தொடையில் குத்துவது மட்டும் யார் மடியில்? ஆறாம் வாரத்து ஊசியை நான் ஷிஃப்டில் இருந்தபோது சத்தமில்லாமல் போட்டுவிட்டார்கள். இதையாவது என் மடியில் போடலாம் என்று பார்த்தால், கார் கம்பெனியில் ஒரே ஓ.டி. நான் ஒரு நாள் வராவிட்டால் ஒரகடத்தில் ஒரு காரும் நகராது, அது உங்களுக்கே தெரியும். கடைசியில் மேனேஜரே கையெடுத்துக் கும்பிட்டு லீவு கொடுத்தார்.

புதன்கிழமை பட்டு வேட்டி கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு சுகாதார நிலையத்துக்குள் நுழைந்தேன். நர்ஸ் சசிகலா தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, பொண்ணு கேக்க வந்துகிறீங்களா?" என்றது. ரஞ்சனி, "அண்ணா, மானத்த வாங்காத. தட்ட கீழ வையி" என்றாள். நான் அசரவில்லை. எங்கள் லைனில் ஒரு பாகம் நடுவில் ஒரு ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டால், திருப்பி முதலிலிருந்து ஓட்டுவோம். அதனால், "மூணு வாரம் லேட்டு. பொறந்த அன்னிக்குப் போட்டதுலேந்து எல்லாத்தியும் மறுபடி போட்டுடும்மா" என்று தொழில் நுணுக்கமாக எடுத்துச் சொன்னேன்.

"கொழந்த இன்னா கார் பம்பரா?" என்றது நர்ஸ். "வுட்ட எடத்துலேந்து போட்டா போதும், போட்டது வீணாவாது. ஆனா லேட்டு ஆவுற வரிக்கும் புள்ளைக்குப் பாதுகாப்பு கம்மி. அத நெனச்சீங்களா?"

"சரிம்மா, ஊசி, ரெண்டு சொட்டு மருந்து, இதுல எது ரொம்ப முக்கியமோ அத மட்டும் இன்னிக்குக் குடு. மீதிய அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"இன்னிக்குச் சேர வேண்டியது எல்லாம் இன்னிக்கே. ஒண்ணு ஒசத்தி, ஒண்ணு மட்டம்னு கெடையாது. ஒவ்வொண்ணும் வேற வேற நோவுக்கு."

நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். பிறகு பாப்பா என் மடியில் ராணி மாதிரி உட்கார, ஊசி போட்டார்கள். அழவில்லை, சிரித்தாள். அந்த வட்டாரமே கூடி நின்று, "மாமன்னா இவன்தான் மாமன்" என்றது.

வல்லக்கோட்டை முருகன் உங்களுக்கு நல்ல சோறும் நல்ல சூப்பர்வைசரும் அருளட்டும்.

இப்படிக்கு,
தாய்மாமன் கோபால்

பி.கு: மேலே உள்ளதை ரஞ்சனி படித்துவிட்டாள். திருத்தாமல் அனுப்ப மாட்டாளாம். பாப்பா இருந்தது அவள் மடியில். பாப்பா வீரிட்டு அழுததும், பட்டு வேட்டியோடு வெளியே ஓடியது நான். பால் குடித்துப் பாப்பா அடங்கிய பிறகும் எனக்கு அழுகை அடங்கவில்லை. அடுத்த ஊசி நாலு வாரம் கழித்து. அன்று எனக்குக் காலை ஷிஃப்ட். எனக்காக நிறுத்த வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், மாப்பிள்ளை. போனை எடுங்கள்.