கைக்கு மேடம்

ஹைதராபாத்தில் சூடான பிரியாணியைத் தட்டில் ஆறவிட்டு, 'ருசி நாக்கில் இருக்கிறதா, சோற்றில் இருக்கிறதா?' என்று யோசித்த ஒரே ஜீவன் எங்கள் கைக்கு மேடமாகத்தான் இருக்கும். பேகம்பேட் பெண்கள் விடுதியில் என் ரூம்மேட். செகந்திராபாத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். சொந்த வீடு கூப்பிடு தூரத்தில் இருக்க, விடுதி எதற்கு என்று கேட்டால், "வீட்ல நாலு தம்பிங்க, மூணு டிவி. யோசிக்க எடமில்ல" என்பார்.

நான் கோயம்புத்தூர்க்காரி. வந்த அன்று, "ஏனுங்க மேடம், ஜன்னலைச் சாத்தட்டுங்களா?" என்றேன்.

"கைக்கு?" என்றார்.

பாவம், கையில் சுளுக்கு என்று நினைத்துத் தைலத்தை எடுத்து நீட்டினேன். மறுப்புச் சொல்லாமல் முழங்கை வரை தேய்த்துக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஊர்ல கைக்குன்னா 'ஏன்'னு அர்த்தம். உங்க ஊர்ல ஆளைக் கூப்பிடறதே ஏன்னு கேட்டுத்தானா? நீ தத்துவத்துக்குன்னே பொறந்தவ!"

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

மேடம் ஒரு மாலைநேரக் கல்லூரியில் தத்துவம் நடத்தினார். பாடத்திட்டத்தில் பெண் ஒருத்தியின் பெயர்கூட இல்லை என்பது அவருடைய தீராத கோபம். காலையில் வாளியோடு குளியலறை வரிசையில் நிற்கும்போதே ஆரம்பித்துவிடுவார். "மனசு வேற, ஒடம்பு வேறன்னாரு ஒரு பெரிய ஞானி. 'அப்டீன்னா உருவமே இல்லாத மனசு ஒடம்பை எப்டி அசைக்கும்?'னு ஒரு இளவரசி லெட்டர் போட்டா. மனுஷனுக்குச் சரியா பதில் சொல்ல வரல."

"மேடம், உள்ள போனவ எப்பங்க வெளிய வருவா? மொதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க!"

கடைசியில் கல்லூரி முதல்வர் இறங்கி வந்தார். பெண் சிந்தனையாளர்களைப் பற்றித் தனி வகுப்பு நடத்தலாம், யார் வேண்டுமானாலும் சேரலாம். ஆனால் சனிக்கிழமைக்குள் எட்டுப் பேர் சேராவிட்டால் ரத்து. இரண்டு வருடமாக எழுதிச் சேர்த்த குறிப்புகள் மேடத்தின் கட்டிலுக்கடியில் மூன்று அட்டைப்பெட்டி நிறையக் கிடந்தன.

மேடம் ஊரையே கலக்கினார். கச்சிபௌலி போகும் என் ஆபீஸ் கேப்பில் ஏறிக்கொண்டு, டிராஃபிக்கில் தப்பிக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களிடம் ஆள் பிடித்தார்.

"இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?" என்றாள் ஒருத்தி.

"புது வேலையெல்லாம் நக்கோ, வேணாம். இருக்கற வேலைல வாயைத் தொறக்க வரும்."

வெள்ளிக்கிழமை வரை ஏழு பேர்தான். என்னைக் கேட்டபோதெல்லாம், "வேலை நெறைய இருக்குங்க" என்று நழுவிக்கொண்டிருந்தேன்.

அன்று ஆபீஸ் மீட்டிங்கில், ஆறு மாதமாக நான் செய்த வேலையைப் பற்றி வேறொருவர் பேசுவார் என்றார் மேலாளர். எதற்கும் தலையாட்டியே பழகியவள் நான். என்னை அறியாமல், "கைக்கு?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேலாளர் ஏதோ காரணம் சொல்ல ஆரம்பித்து, அது அவருக்கே ஒட்டவில்லை போலிருக்கிறது, "சரி, நீங்களே பேசுங்க" என்றார்.

மறுநாள் எட்டாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எதுவும் எழுதியிராத கரும்பலகையை மூன்று தடவை துடைத்தார்.

நான் கோயம்புத்தூருக்கே திரும்பிச் சில வருடங்கள் ஆகின்றன. போன வாரம் மேடம் போன் செய்தார். "இந்தத் தடவை சேர் பத்தல. பொண்ணுங்க வாசப்படில எல்லாம் உக்காந்திருக்காங்க!" என்றார். குரலில் அப்படியொரு குதூகலம். எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.