‘நடங்க’ டெய்லரும் என் முதல் சுடிதாரும்

“...அப்புறம் எவனாச்சும் பாத்து ‘டிரெஸ் நல்லாருக்கு’ன்னு சொல்லிட்டான்னா, அன்னிக்கே திருப்பிக் கொண்டாந்துடுங்க சார், பிரிச்சுடலாம்!”

புதுச் சட்டையை வாங்கிக்கொண்டு படியிறங்கிய ஒருவரிடம் இப்படிச் சொன்ன தையல்காரர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் திருவண்ணாமலையில், வட ஒத்தவாடைத் தெருவில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் கடை வைத்திருந்தார். பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. வருகிறவர்களை எல்லாம் “நடங்க, நடங்க” என்று விரட்டிக்கொண்டே இருந்ததால் ‘நடங்க’ டெய்லர்.

கடையில் கண்ணாடி கிடையாது. கேட்டால் கோபம் வந்துவிடும். “கண்ணாடி முன்னாடி எல்லாரும் வயித்தை எக்கிக்கினுதான் நிப்பாங்க. தெருவுல எவன் எக்கிக்கினு போறான்? நடங்க!”

வங்கி அதிகாரி ஒருவர் சஃபாரி தைக்கக் கொடுத்தார். தைத்ததும் டெய்லர் அதை அவருக்கு மாட்டி, கடைக்குள் சம்மணம் போட்டு உட்காரவைத்து, எதிரே ஒரு செய்தித்தாளை விரித்து, “பந்தியில உக்காந்திருக்கீங்க. ரசம் வருது. குனிஞ்சு சாப்பிடுங்க” என்றார். மனிதர் வெறும் தாளில் கையை வைத்துக் குழைத்துக் குழைத்துச் சாப்பிட்டார். மூன்றாவது வாயில் ஒரு பொத்தான் தெறித்தது. “பாத்தீங்களா? இது நாளைக்குப் பாயசத்துல விழுந்திருக்கும்” என்று டெய்லர் பொத்தானைத் தேடி எடுத்தார்.

கண்ணாடிக்குப் பதிலாக அவர் நம்பியது எதிர்ச்சாரியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த கன்னியம்மாவை. அது கன்னியம்மாவுக்கே தெரியாது. தைத்ததைப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் ஒரு தடவை நடந்துவிட்டு வரவேண்டும். அவள் வாய்க்குத் தப்பியவர் அந்தத் தெருவில் யாரும் இல்லை. பெல்பாட்டம் மோகம் தலைக்கேறியிருந்த காலத்தில் ஐந்தடி உயர வக்கீல் குமாஸ்தா ஒருவர் ஆளையே முழுங்குகிற அகலத்தில் ஒன்று தைத்து நடந்துபோனார். “யாருய்யா அது, தெருவைப் பெருக்கிக்கினு போறது? அப்படியே எங்க வாசலையும் பெருக்கிடு நைனா!” என்றாள். குமாஸ்தா திரும்பி வருவதற்குள் டெய்லர் கத்தரிக்கோலோடு தயாராக நின்றார்.

அவருடைய சட்டம் இதுதான். கன்னியம்மா துணியைத் திட்டினால் தோல்வி. துணியைப் புகழ்ந்தாலும் தோல்வி. “துணி கண்ணுல பட்டுதுன்னாலே என் வேலை கம்மின்னு அர்த்தம். ஆளுதான் தெரியணும்.”

இப்படிப்பட்டவரிடம் நான் போய் நின்றது எண்பதுகளின் நடுவில். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சத்துணவுக் கூடங்களைப் பார்வையிடுகிற வேலை எனக்கு. சோறு இறங்குகிற நேரத்துக்கு அங்கே இருக்கவேண்டும், ஆனால் அந்த நேரத்துக்குப் பஸ் வராது. அதனால் ஒரு மொபெட் வாங்கினேன். இரண்டாவது வாரமே முந்தானை பின்சக்கரத்தில் சிக்கி, ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் போய் விழுந்தேன். முட்டி தேய்ந்ததோடு போயிற்று. ஆனால் அம்மா பிடித்துக்கொண்டாள். “உசிரோட வந்தியே அது போதும். வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். எழுதிக் குடுத்துடு.”

எனக்கு அந்த வேலை வேண்டும். நான் போனால் சாம்பார் கெட்டியாக இருக்கும் என்று பிள்ளைகள் வாசலிலேயே காத்திருப்பார்கள். சுடிதார் போட்டால் முந்தானைத் தொல்லை இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அப்போது எங்கள் ஊரில் அந்த உடையைக் கோவிலுக்கு வரும் வடநாட்டுப் பெண்கள்தான் போடுவார்கள். அதிலும் நான் குட்டை. அகலத்தில் எந்தக் குறையும் இல்லை. மூன்று கூடங்களில் ருசி பார்க்கிற உடம்பு.

அம்மா யோசித்தாள். “கன்னியம்மா வாயில விழாம வந்துட்டேன்னா போட்டுக்கோ. விழுந்தியோ, திங்கக்கிழமை ராஜினாமா. அவ காலையில ஒண்ணு சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊரே சொல்லும்.”

புதன்கிழமை முதல் சோதனை. பத்திரிகைப் படம் ஒன்றைக் காட்டி, இடுப்பில் சுருக்கம், காலில் இறுக்கம் என்று நானே அடம்பிடித்துத் தைக்கச் சொன்னது. கன்னியம்மா பூக்கட்டுவதை நிறுத்தினாள். “இன்னா கண்ணு, குடையை விரிச்சு இடுப்புல கட்டிக்கினு வந்துட்ட?”

அழுகை வந்துவிட்டது. கடை வாசலில் நின்ற அம்மா, “கேட்டுக்கினியா?” என்றாள். டெய்லர் மட்டும் அசரவில்லை. “திங்கக்கிழமைக்கு இன்னும் நாளு இருக்குதும்மா. கழட்டிக் குடு பாப்பா.”

கடைப் பெஞ்சின் மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொன்னார். “மொபெட்டு ஓட்டு.” ஓட்டினேன். “பெடலை மிதி.” மிதித்தேன். “எதுத்தாப்ல லாரி, ஒதுங்கு!” ஒதுங்கினேன். தெருவில் போன அர்ச்சகர் ஒருவர் நின்று, “எந்த ஊருக்குப் போறேள்?” என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

இரண்டாவது சோதனை சனிக்கிழமை காலை. சுருக்கம் போய், மேல்சட்டை நேராக விழுந்தது. கீழ்விளிம்பில் சுற்றிலும் மஞ்சள் பார்டர். கன்னியம்மா பார்த்தாள். “அட, டிரெஸ் நல்லாருக்குதே கண்ணு!”

நான் குதித்துக்கொண்டு வந்தேன். அம்மாவின் முகம்கூட இளகியிருந்தது. டெய்லர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“கழட்டு.”

“அண்ணே! நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்கண்ணே!”

“அதான் பாப்பா சொல்றேன். துணியைப் பாத்துட்டா. கழட்டு.”

அம்மாவுக்கே பொறுக்கவில்லை. “ஏன் டெய்லரே, ஒத்துக்க வேண்டியவ நானே ஒத்துக்கினேன், உமக்கு இன்னாய்யா? நல்லாருக்குன்ற துணியைப் பிரிக்கிற ஆளை இப்பதான் பாக்கறேன்.”

“இந்தப் பார்டரு குறுக்கால ஓடுது. கண்ணும் கூடவே குறுக்கால ஓடும். குறுக்கால ஓடினா அகலம் ஜாஸ்தி. நெட்டுக்கு ஓடினா உசரம்.” அவ்வளவுதான். பார்டரைப் பிரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மிஷின் சத்தம். எனக்கோ பாஸான பரீட்சையை மறுபடி எழுதச் சொன்னது மாதிரி இருந்தது. மாலையில் கூப்பிட்டார். மஞ்சள் பார்டர் கழுத்திலிருந்து நேராகக் கீழே இறங்கியது. பக்கத் திறப்பு, இடுப்பின் அகலமெல்லாம் முடிந்த பிறகே தொடங்கியது. உள்ளே, பேன்ட்டின் இடுப்பில் சுருக்கமிருந்த இடத்தில் தட்டையாக ஒரு பட்டி. துப்பட்டாவைத் தோளிரண்டிலும் பின் குத்தி, முனைகளை இடுப்பில் முடிந்துவிட்டார்.

“நடங்க.”

நடந்தேன். கன்னியம்மா நிமிர்ந்தாள். கால்களைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்க்கவில்லை. முகத்தையே பார்த்தாள்.

“இன்னா கண்ணு, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? பாதியா எளைச்சுப் போயிட்டியே! அம்மா சோறு போடறாளா இல்லியா?”

நான் இளைக்கவில்லை. அந்த மாதம் இரண்டு கிலோ கூடியிருந்தேன். ஆனாலும் துணியைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. திரும்பிப் பார்த்தால், டெய்லர் கடைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் “நான் சோறு போடறதில்லையாமா?” என்று கன்னியம்மாவோடு சண்டைக்குப் போய், ஒரு முழம் மல்லிகையோடு திரும்பி வந்தாள். அன்றைக்கு என் தட்டில் நெய் இரண்டு கரண்டி கூடுதலாக விழுந்தது. ராஜினாமாப் பேச்சை அவள் அதற்கப்புறம் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு கடையைத் தாண்டும்போது, நன்றி சொல்லலாம் என்று வேகத்தைக் குறைத்தேன்.

“நிக்காத பாப்பா, போ போ!” என்றார் டெய்லர்.

போனேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால், கழுத்தில் டேப்போடு, ஒரு கையில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துப்பட்டா சக்கரத்துப் பக்கம் போகிறதா என்று குனிந்து பார்த்தபடியே, தெருமுனை வரைக்கும் அவர் என் பின்னால் ஓடி வந்தார்.