தெருவுக்குக் கேட் போடுகிறவர்

அன்பர்களே, இன்று நாம் பார்க்கப்போகிற ஜீவனுக்குத் தெருக்கேட்காரர் என்று பெயர். ஆம்பூரிலும் இருக்கிறார், வேலூரிலும் இருக்கிறார். உங்கள் தெருவில் இல்லையென்றால் இனிமேல் குடிவரப்போகிறார். வீடு கட்டி, பால் காய்ச்சி, காம்பவுண்டுச் சுவரின் மேல் கண்ணாடிச் சில்லும் பதித்து முடித்த பிறகு, அடுத்து எதை அடைக்கலாம் என்று இவருக்குக் கை அரிக்கும். தெருவை அடைப்பார்.

எங்கள் தெருவில் அவர் பெயர் கோதண்டராமன். தெருக்கோடியில் பஸ் ஸ்டாப்புக்குப் போகும் சந்து ஒன்று உண்டு. ஷூ கம்பெனி விட்டதும் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு அதன் வழியாகத்தான் வருவார்கள். சந்து முனையில் அஃப்ஸர் ஜஹான் சமோசா போடுவார். பக்கத்தில் பூக்கூடை, கேரம் ஆடும் பிள்ளைகள், ஊர் வம்பு. இதைப் பார்த்தால் நமக்குப் பசிக்கும். சாருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

"யார் வர்றாங்க, யார் போறாங்கன்னே தெரியல. ஜாஸ்தி பேஜாரு. டீசன்டா ஒரு கேட் போட்டுடலாம்."

"கேட் போட்டா என் பொழப்பு இன்னா ஆவுறது சார்?" என்றார் அஃப்ஸர் ஜஹான். "இப்பதான் பொண்ண காலேஜ்ல சேத்துக்கீறேன்."

"உங்க பாதுகாப்புக்கும் சேர்த்துதாம்மா."

இந்தத் தெருக்கேட்கார இனத்தார் எதைச் செய்தாலும் பிறர் நன்மைக்குத்தான். சந்துக்குக் கேட் வந்தது, பூட்டு வந்தது, அப்படியோர் அமைதியும் வந்தது. அந்த அமைதியில், பட்டப்பகலில், சாரின் ஸ்கூட்டரே வாசலிலிருந்து காணாமல் போயிற்று. பார்த்தவர் யாருமில்லை. பார்ப்பதற்குத் தெருவில் ஆள் இருந்தால்தானே?

அஃப்ஸர் ஜஹான் அடுப்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். கம்பெனிப் பெண்களும் சுற்றிக்கொண்டு அந்த வழியில் வர ஆரம்பித்தார்கள், பூக்கூடை வந்தது, கேரம் போர்டு வந்தது. நம்ம கோதண்டராமன் எங்கே என்கிறீர்களா? வீட்டில் போரடிக்கிறதாம், சாயங்காலமானால் அவரும் அங்கேதான். முந்தாநாள் இரண்டாவது சமோசாவைப் பிட்டுக்கொண்டே சொன்னார்:

"நல்ல தெரும்மா இது, கலகலன்னு இருக்கு. முனையில ஒரு கேட் மட்டும் போட்டுட்டா..."

அஃப்ஸர் ஜஹான் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இன்னொரு வாட்டி அடுப்பத் தூக்க எனக்குத் தெம்பு இல்ல சார்."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். போன வாரம் உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில், 'பாதுகாப்பு கருதி' என்று தொடங்கி ஒரு செய்தி வந்ததே, அதை முழுக்கப் படிக்காமலே கட்டைவிரலை உயர்த்தியது யாருங்க?