கார்பன் சேர்த்த ஒரு வரி

ஆளுங்கட்சியையும் எதிர்க்கட்சியையும் ஒரே பேச்சுப் பேச வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எழுபதுகளின் கடைசியில், நாமக்கல் பக்கம் நான் குமாஸ்தாவாக இருந்த சர்க்கரை மில்லின் டைப்பிஸ்ட் அவர். சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. கார்பன் என்றால்தான் தெரியும்.

எதை அடித்தாலும் கார்பன் தாள் செருகி நாலு பிரதி எடுப்பார். லீவு லெட்டருக்கும் நாலுதான். மேனேஜருக்கு, ஃபைலுக்கு, வீட்டுக்காரம்மாவுக்கு, மீதி ஒன்று மில் வாசல் பிள்ளையாருக்கு. மூக்கு நுனியில் எப்போதும் நீல மை இருக்கும்.

ஒருநாள் மேனேஜர் ஒரு மனு கொடுத்தார். மில் எல்லைக்குள் விளையும் கரும்பையெல்லாம் மில்லுக்கே தர வேண்டும், விவசாயி வெல்லம் காய்ச்சக் கூடாது என்று அரசு உத்தரவு போட வேண்டுமாம். ஆளுங்கட்சிக்கு ஒன்று, எதிர்க்கட்சிக்கு ஒன்று, புதிதாக முளைத்த கட்சிக்கு ஒன்று, சென்னையில் அரசுக்கு ஒன்று. கார்பனுக்கென்றே வந்த வேலை. ஆனால் மனிதர் வெளிறிப்போனார். பரமத்தி வேலூரில் அவருடைய அண்ணன் ஒரே கொப்பரையில் வெல்லம் காய்ச்சித்தான் குடும்பம் நடத்தினார்.

மனு பறந்தது. மூன்று கட்சிக்காரர்களும் மூன்று மேடையில் அதன் முதல் பக்கத்தை எழுத்து மாறாமல் படித்தார்கள். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. நாம் வெயிலில் வரிசையில் நின்று கொடியை மாற்றுகிறோம். எந்தக் கொடி பறந்தாலும் அந்த மேனேஜரின் ஜீப்தான் கோட்டைக்குள் போகிறது. வெட்கங்கெட்டவர்கள், ஒருவராவது இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்களா?

திருப்பியிருந்தால் கடைசி வரி கண்ணில் பட்டிருக்கும். ஒரே கொப்பரை வைத்து வெல்லம் காய்ச்சுபவர்களுக்கு இது பொருந்தாது என்று கார்பன் தானாகவே அடித்துச் சேர்த்திருந்தார். சென்னையிலும் யாரும் படிக்கவில்லை. உத்தரவு அந்த வரியோடு அச்சாகி வந்துவிட்டது. திருத்தினால் ஊர் சிரிக்கும் என்று அப்படியே விட்டார்கள்.

மேனேஜர் ஆடித் தீர்த்தார். யாரைக் கேட்டுச் சேர்த்தாய் என்றார்.

"நாலு பேருக்கு அனுப்புனோமுங்க. ஒருத்தராச்சும் படிச்சு அந்த வரியக் கோடு போட்டு அடிச்சிருந்தா நான் சும்மா இருந்திருப்பனுங்க. உங்க கையெழுத்தும் அதுக்குக் கீழதானுங்க இருக்குது" என்றார் கார்பன்.

வேலைநீக்க உத்தரவை என்னை அடிக்கச் சொன்னார்கள். அவருக்காக ஒரு வார்த்தை பேசத் துப்பில்லாமல் மிஷினில் ஒற்றைத் தாளைச் செருகினேன். பக்கத்தில் வந்து நின்றவர் மெதுவாகச் சொன்னார்: "கார்பன் வெய்யுங்க சாமி. எனக்கும் ஒரு காப்பி வேணுமில்லீங்க."

அந்தப் பொங்கலுக்கு பரமத்தி வேலூரிலிருந்து என் பெயருக்குப் பொட்டலம் வந்தது. உள்ளே நாலு உருண்டை வெல்லம், சுற்றிய தாளில் நீல விரல் ரேகை. வெல்லம் அன்றைக்கே தீர்ந்தது. தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.