மாமனார் பேரில் விழுந்த குலுக்கல்

"அடையாள அட்டை எதுக்கு மாப்ளே? கோயிலுக்குத்தானே போறோம்?" என்றார் கோண்டா.

கியோட்டோ ரயில் நிலையத்துக் கூட்டத்தின் நடுவே தகேருவுக்கு வியர்த்தது. நவம்பர் குளிரில் ஒருவனுக்கு வியர்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் மாமனார் நிற்க வேண்டும்.

"வயசானவங்களுக்கு டிக்கெட்டைக் குறைச்சுத் தருவாங்க மாமா. எடுத்துட்டு வந்திருக்கீங்கதானே?"

"இருக்கு, இருக்கு. நீங்க உங்களுதை எடுத்துட்டு வந்தீங்களா?"

"எனக்கு எதுக்கு மாமா? எனக்கு என்ன வயசா ஆயிடுச்சு?"

"பையில இருக்கா, இல்லையா?"

"இருக்கு மாமா."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு வால்நட் கொட்டைகளை உள்ளங்கையில் உருட்டியபடி கோண்டா முன்னால் நடந்தார். சில மாதங்களாக அவருக்கு இந்தப் பழக்கம். கட்டை விரல் மரத்துப் போகாமல் இருக்க டாக்டர் சொன்னாராம்.

கோண்டா நாகோயா பக்கத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சோறு வெந்தால்கூட அது சரியான நேரத்துக்கு வெந்ததா என்று பார்ப்பவர். தகேரு பெண் கேட்டுப் போன அன்று, டிவியில் ஓர் இளைஞன் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தான். "வளர்ந்த ஆம்பளை, கட்டை விரலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க. என் ஸ்டேஷனா இருந்தா வெளியே தள்ளியிருப்பேன்" என்றார் கோண்டா. உடனே தகேரு பக்கம் திரும்பி, "உங்க பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டார்.

தகேருவின் ராத்திரிகள் எல்லாம் கட்டை விரலிலேயே கழிந்துகொண்டிருந்தன. உண்மை தொண்டை வரை வந்தது. அந்த நேரத்தில் ஜன்னலோரம் இருந்த, குட்டையாக வளர்த்த தொட்டி மரம் அவன் கண்ணில் பட்டது.

"போன்சாய்ங்க" என்றான்.

கோண்டா தன் மகள் சாயோவைக் கட்டிக் கொடுத்தார். கூடவே ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு போன்சாய் மரத்தையும் கொடுத்தார். எல்லாம் தகேருவின் பால்கனிக்கு வந்து செத்துப் போயின. மாமனார் வரும் நாட்களில் கடைக்கு ஓடி, அதே மாதிரி வேறொன்றை வாங்கி வைப்பான்.

கியோட்டோவின் தெற்கு ஓரத்தில் வீடியோ கேம் அருங்காட்சியகம் திறந்ததிலிருந்து அவனுக்குத் தூக்கமே போய்விட்டது. நினைத்த நேரத்தில் போய் டிக்கெட் வாங்கும் இடமில்லை அது. நாள் குறித்து விண்ணப்பிக்க வேண்டும், குலுக்கலில் பேர் விழ வேண்டும். ஒரு பேருக்கு மாதம் ஒரு விண்ணப்பம்தான். யார் பேரில் விழுந்ததோ அவர் அட்டையோடு நேரில் வர வேண்டும், துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாம். தகேரு தன் பேரைப் போட்டால், 'இந்த மாதம் ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டீர்கள்' என்று திருப்பி அனுப்பியது கணினி. அடுத்த மாதமும் அதே பதில். போன் செய்து கேட்டிருக்கலாம். பம்பு கம்பெனியில் துணை மேலாளராக இருந்துகொண்டு கேமுக்காகக் கெஞ்சுவதா என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டான். சாயோ பேரைப் போடலாமென்றால் அவள் வாயில் எதுவும் நிற்காது, அன்றைக்கே அப்பா காதுக்குப் போய்விடும். கடைசியில் துணிந்து மாமனார் பேரைப் போட்டு, தன் கம்பெனி விடுமுறை நாளைக் குறித்தான். சொல்லி வைத்தது போல் விழுந்துவிட்டது.

மாமனாரை எப்படி அங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அவரே போன் செய்தார்.

"உங்க கம்பெனி லீவுல கியோட்டோ போயிட்டு வருவோமா மாப்ளே? ரெண்டே நாள். நாம ரெண்டு பேர் மட்டும்."

தெய்வமே போனில் வந்தது என்று தகேரு நினைத்தான்.

திட்டம் எளிது. காலையில் கோயில். பிற்பகல் இரண்டு மணிக்கு ஏதாவது சொல்லி அருங்காட்சியக வாசலில் மாமனாரின் அட்டையை நீட்ட வைப்பது. உள்ளே அவரை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, தான் மட்டும் நழுவுவது.

கோயில் வாசலிலேயே திட்டத்துக்கு முதல் அடி விழுந்தது. உள்ளே போன்சாய் கண்காட்சி.

"உங்க அதிர்ஷ்டத்தைப் பாருங்க மாப்ளே" என்ற கோண்டா, கண்காட்சியை நடத்திய பெரியவரிடம் நேராகப் போனார். "இவர் என் மாப்பிள்ளை. போன்சாய்ல கரைகண்டவர்."

"அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சு" என்று பெரியவர் தகேருவின் கையில் கத்தரிக்கோலைத் திணித்தார். "இந்தப் பைன் மரத்துல எந்தக் கிளையை எடுக்கிறதுன்னு காலையிலேருந்து எங்களுக்குள்ள ஒரே சண்டை. நீங்களே எடுத்துடுங்க."

"நான் எப்படிங்க..."

"அவருக்கு அடக்கம் ஜாஸ்தி" என்றார் கோண்டா.

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். தகேரு தலையைச் சாய்த்துப் பார்த்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பெரிய தவறு நேரக் கூடாதென்று இருப்பதிலேயே சின்னக் கிளையாகப் பார்த்து வெட்டினான். கூட்டம் மொத்தமும் மூச்சை உள்ளே இழுத்தது.

"எங்க அப்பா முப்பது வருஷமா வளர்த்த கிளைங்க அது" என்றார் பெரியவர், மெதுவாக.

தகேரு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள அவனுக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை.

"மாமா, வயிறு ரொம்ப வலிக்குது."

கோண்டா உடனே பையைத் திறந்து கறுப்பு உருண்டை மாத்திரைகளை எடுத்தார். அந்த வாடையிலேயே பாதிக் கூட்டம் கலைந்தது.

"முழுங்குங்க."

முழுங்கினான். இல்லாத வலி இப்போது உண்மையாகவே வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வாங்கி வைத்திருந்த இரண்டு விலாங்கு மீன் சோற்றுப் பெட்டிகளையும் கோண்டாவே காலி செய்தார். "வயித்து வலிக்காரர் எதையும் தொடக் கூடாது" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்.

"மாமா, தெக்கே கொஞ்ச தூரத்துல ஒரு நல்ல டாக்டர் இருக்காராம்" என்றான் தகேரு, கடைசிச் சோற்றுப் பருக்கை போவதைப் பார்த்தபடி. "பெரிய இடம். கூட வர்றவங்களோட அட்டையையும் கேப்பாங்களாம்."

எந்த டாக்டர், என்ன பேர் என்றெல்லாம் கேட்பார் என்று அவன் பயந்தான். கோண்டா கேட்கவே இல்லை. தகேரு ஸ்டேஷனுக்கு வந்து சேர்வதற்குள் தெற்கே போகும் ரயிலின் நடைமேடையில் போய் நின்றுகொண்டிருந்தார். தன் வலி அவரை இவ்வளவு பதற வைத்துவிட்டதே என்று தகேருவுக்கு மனசு உறுத்தியது. பாவம், நல்ல மனுஷன்.

ரயிலில் இடமிருந்தும் அவர் உட்காரவில்லை. ஓட்டுநர் அறைக் கண்ணாடியில் மூக்கு பட நின்றுகொண்டார்.

"எத்தனை ரயிலுக்குக் கொடி காட்டியிருப்பேன் மாப்ளே" என்றார் திரும்பாமலே. "ஒண்ணைக்கூட ஒரு முழம் ஓட்டினது இல்ல."

அவர் குரல் அப்படி இறங்கி தகேரு கேட்டதில்லை. இப்படிப்பட்டவரையா ஏமாற்றுகிறோம் என்று இருந்தது. ஆனாலும் மணியைப் பார்த்துக்கொண்டான்.

அருங்காட்சியகம் நல்லவேளையாக வெள்ளையாக, பெரிதாக, ஆஸ்பத்திரி மாதிரியே இருந்தது. கோண்டா வாசலில் நின்று கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தார். தகேரு அவசரமாக அட்டையை வாங்கி, வாசலில் இருந்த பெண்ணிடம் நீட்டினான்.

அவள் குனிந்து வணங்கி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல் உரக்கச் சொன்னாள்: "வீடியோ கேம் அருங்காட்சியகத்துக்கு வாங்க, கோண்டா ஐயா. ரெண்டு மணிக் குலுக்கல் உங்களுக்கு விழுந்திருக்கு. வாழ்த்துகள்."

வால்நட் உருளும் சத்தம் நின்றது.

"எனக்கா?" என்றார் கோண்டா. "என் பேர்லயா?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. தகேரு இடுப்பு மடியக் குனிந்தான்.

"மன்னிச்சிடுங்க மாமா. எனக்கு வயித்து வலி இல்ல. போன்சாயும் தெரியாது, நீங்க குடுத்த மரம் ஒண்ணுகூட உசுரோட இல்ல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வீடியோ கேம்தான். உங்க பேரை நான்தான் போட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம?"

"தப்புதான் மாமா."

கோண்டாவின் முகம் சிவந்தது. "ஒருத்தன் பேரை இன்னொருத்தன் போட்டுக்கிறதா? அது எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா மாப்ளே? எங்க ரயில்வேயில இதுக்கு வேலையே போயிடும்."

"தெரியும் மாமா."

"எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தா..."

"துணைக்கு வந்திருக்கிற சாரோட அட்டையையும் குடுங்க" என்றாள் அந்தப் பெண்.

"அது வேணாம்மா" என்றார் கோண்டா சட்டென்று. சிவந்த முகம் ஒரு நொடியில் வெளுத்துவிட்டது. "அவர் அட்டையெல்லாம் எதுக்கு? நாங்க கிளம்புறோம். வாங்க மாப்ளே, இன்னொரு கோயில் பாப்போம்."

குனிந்திருந்த தகேருவுக்கு அந்த முகம் தெரியவில்லை. குனிந்தபடியே பைக்குள் கைவிட்டு அட்டையை எடுத்து நீட்டிவிட்டான். அவள் அதை வைத்துத் திரையைப் பார்த்தாள். பார்த்தவள் முகமெல்லாம் மலர்ந்து தகேருவிடம் சொன்னாள்:

"நீங்கதானா சார் அது? ரயில் ஓட்டுற கேம்ல இடம் கிடைக்குமான்னு மாசாமாசம் போன் பண்ணுவீங்களே, உங்களுக்கும் இன்னிக்கே விழுந்திருக்கு. குரலைக் கேட்டு உங்களுக்கு எழுபது வயசாவது இருக்கும்னு நினைச்சேன்."